ரோலில் கோழி எத்தனை கிராம்?

"சிப்ஸுக்கு இது எவ்வளவோ தேவலை, உள்ளே சிக்கன் இருக்கிறதே." பிரீசரிலிருந்து சிக்கன் ஸ்பிரிங் ரோல் பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போடுகிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. உணவு பற்றிப் பத்தி எழுதுகிறவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். இந்தியர்கள் தின்னும் புரதம் போதவில்லையாம். எந்த உருவத்தில் வந்தாலும் புரதம் புரதம்தானாம். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இந்தப் பாக்கெட் ஒரு வரப்பிரசாதமாம். பழவேற்காட்டுப் பக்கம் வந்தால் இந்த நம்பிக்கைக்கு ஒரு கிளையும் முளைத்திருக்கிறது. மீன் வீட்டில் கிடப்பது, கை நாறுவது, முள் எடுக்க வேண்டியது. சிக்கன் காசு கொடுத்து வாங்குவது, அதனால் ஒரு படி மேல். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றினால் மரியாதைக் குறைவு, பொன்னேரியிலிருந்து வாங்கி வந்த ரோலைப் பொரித்துக் கொடுத்தால் உபசாரம்.

ரோல் ருசியாக இருக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மொறுமொறுவென்று எதைப் பொரித்துக் கொடுத்தாலும் குழந்தை தின்னும், நானும் தின்பேன். தின்பண்டம் என்று சொல்லி விற்றால் பேச்சே இல்லை. சத்துணவு என்று சொல்லி விற்கும்போதும், அதை நாம் நம்பும்போதும்தான் சண்டை தொடங்குகிறது.

அந்தச் சண்டையைப் போட ஏற்ற ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போக, இரண்டும் கலந்த நீரில் இறாலும் மடவையும் கெழங்கானும் சேற்று நண்டும் வளர்கின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடந்தாலும், கடலோடு மூச்சுவிடும் தெற்கு வாய் நம் பக்கம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலான ஊர்களில் பாடு முறைப்படி இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். புரதப் பஞ்சம் தீர பிரீசர் வந்துவிட்டது என்று இந்த ஊரில் நின்று ஒருவர் சொன்னால், அவரிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

கணக்கைப் பாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்தே தொடங்கலாம். முன்பக்கம் படம் போடுவதற்கு, பின்பக்கம் சட்டத்துக்குப் பயந்து எழுதுவதற்கு. சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததில் முடிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ரோல் பாக்கெட்டுகளில் முதலில் நிற்பது பெரும்பாலும் மைதா. பிறகு முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், எண்ணெய், ஸ்டார்ச் என்று வரிசை போகும், இவற்றுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் கோழி. பெயரிலும் படத்திலும் முன்னிறுத்திக் காட்டும் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்தச் சதவீதம் பட்டியலுக்குள் அடைப்புக்குறியில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

தாராளமாக 20 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ரோல் 50 கிராம் என்றால் அதில் கோழி 10 கிராம். கோழிக்கறியில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம், மீதி பெரும்பாலும் நீர். ஆக, ஒரு ரோலில் கோழி தரும் புரதம் 2 கிராம். குழந்தை மூன்று ரோல் தின்றால் 6 கிராம். அவித்த முட்டை ஒன்றில் அவ்வளவு இருக்கிறது. ஒரு கைப்பிடி நெத்திலி, 50 கிராம் வரும், அதில் 9 கிராமாவது இருக்கும். மூன்று ரோலோடு உள்ளே போகும் மைதாவையும் எண்ணெயையும் உப்பையும் இந்தத் தராசில் நான் இன்னும் வைக்கவில்லை.

"அட்டவணையில் 100 கிராமுக்கு 8 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். போட்டிருக்கலாம், அது பொய்யாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த எட்டில் கோழியின் பங்கு எவ்வளவு? மைதாவிலேயே 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் உண்டு என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியல் சொல்கிறது. சோயாத் துகளும் சேர்ந்திருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். எல்லாவற்றையும் கூட்டி எழுதிவிட்டு முன்னால் கோழிப் படத்தைப் போட்டால், மொத்தப் பெருமையும் கோழிக்குப் போகிறது.

இதைவிட வேடிக்கை சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பண்டத்தைப் 'புரதம் தரும் உணவு' என்று விளம்பரம் செய்ய, நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு 100 கிராமில் இருந்தால் போதும் என்கின்றன 2018இல் வந்த விளம்பர விதிகள். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 54 கிராம் என்று கொண்டால் 5.4 கிராம் போதும். வெறும் மைதா மாவு இந்தப் பரீட்சையில் தேறிவிடும். 'புரதம் மிகுந்தது' என்று சொல்லப் பரிந்துரை அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10.8 கிராம் வேண்டும். மைதா அதற்கும் வாசற்படி வரை வந்து நிற்கிறது. கோழியே இல்லாத மாவு உருண்டை தேறும் பரீட்சையில் சிக்கன் ரோல் தேறியதற்கு மாலை போட வேண்டுமா?

மைதாவின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, கோழி கொஞ்சம் சேர்ந்தாலும் அந்தக் குறை தீரும் என்று விவரம் தெரிந்தவர் வாதிடலாம். உண்மைதான். துவரம்பருப்பு சேர்ந்தாலும் தீரும், கருவாட்டுத் துண்டு சேர்ந்தாலும் தீரும். சோறும் மீன்குழம்பும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அட்டவணையில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்கும் நிலைக்கு, அதாவது பொரிப்பதற்கு முந்தைய நிலைக்கு உரியவை. ரோலை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. வாணலியில் போட்டதும் மைதாத் தோல் எண்ணெயைக் குடிக்கிறது, குடித்த எண்ணெய் எந்த அட்டவணையிலும் ஏறாது. அந்த எண்ணெய் நம் வீடுகளில் அநேகமாகப் பாமாயில், ரேஷன் கடையில் கிடைப்பதும் அதுதான். அதன் கொழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானது நிறைவுற்ற கொழுப்பு. உப்புக்கு வருவோம். அட்டவணையில் 'சோடியம்' என்று மில்லிகிராமில் எழுதியிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் ஒன்றேகால் கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு ரோலில் காலளவு தீர்ந்துவிட்டது, தொட்டுக்கொள்ளும் சாஸ் இன்னும் தட்டுக்கே வரவில்லை.

என் கட்சிக்காரர்கள் வழக்கமாகத் தூக்கி வரும் சில ஆயுதங்களை நான் தொடப் போவதில்லை. உறைய வைத்தால் சத்து செத்துவிடும் என்பார்கள். சாகாது. மைனஸ் 18 டிகிரியில் புரதத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, ஐஸ் பெட்டி இல்லாமல் மீன் வியாபாரமே இல்லாத ஊர்க்காரர்கள் உறைபனியைப் பழிப்பது அழகும் இல்லை. அஜினமோட்டோ விஷம் என்பார்கள். அளவோடு சேர்த்தால் ஆபத்து என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. டிரான்ஸ் கொழுப்பு என்று பயமுறுத்துவார்கள். 2022 தொடக்கத்திலிருந்து அதற்கு 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் கதைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. இவை ஒன்றும் இல்லாமலே வழக்கை நடத்தலாம். பொய்ச்சாட்சி சொன்னால் உண்மைச் சாட்சியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அந்தப் பெரிய நம்பிக்கை: நம் குழந்தைகளுக்குக் குறைவது புரதம் என்பது. ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 23 கிராம் போதும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பரிந்துரை. இரண்டு வேளைச் சோற்றிலேயே பத்துப் பன்னிரண்டு கிராம் வந்துவிடும். பள்ளியில் முட்டை கிடைக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்ந்தது, 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம். மிச்சத்தைப் பருப்போ ஒரு துண்டு மீனோ கட்டிவிடும். எடையளவில் பார்த்தால் ஓட்டை அவ்வளவு பெரிதில்லை.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கலோரி குறைவாக இருப்பதால் வரும் நிலை இது இல்லை. இரும்பு, கால்சியம், துத்தநாகம், ஏ, பி12, டி போன்ற நுண்சத்துகள் தட்டிலிருந்து கழன்று போனதால், அந்த இடத்தை மாவும் எண்ணெயும் அடைத்துக்கொண்டதால் வருவது. இந்த நிலைமையில் இருக்கும் வீட்டுக்கு மைதாவில் சுற்றி எண்ணெயில் பொரித்த ஒன்றைப் 'புரதம்' என்று சொல்லி அனுப்புவது, வயிறு நிரம்பியவனுக்கு இன்னும் ஒரு கரண்டிச் சோறு வைத்துவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்த கதை.

சிறுமீன் இங்கேதான் ஆட்டத்துக்குள் வருகிறது. முழுங்கையளவு கொடுவாயையும் வஞ்சிரத்தையும் பற்றி நான் பேசவில்லை, அவை ஓட்டலுக்குப் போகிறவை. நெத்திலி, காரப்பொடி, கவலை, கூனி ஆகியவற்றைப் பேசுகிறேன். இவற்றைத் தலையோடும் முள்ளோடும் தின்கிறோம் என்பதுதான் சங்கதி. கால்சியம் முள்ளில் இருக்கிறது, ஏ சத்து தலையிலும் கண்ணிலும் ஈரலிலும் இருக்கிறது. துண்டு போட்ட பெரிய மீனில் சதை மட்டும் தட்டுக்கு வரும், மற்றதைப் பூனை தின்னும். டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சகுந்தலா தில்ஸ்டெட் வங்கதேசத்துக் குளங்களில் கிடைக்கும் மோலா என்ற சுண்டுவிரல் நீள மீனை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நுண்சத்து சேர்க்க இது மிகச் சிறந்த வழி என்று நிறுவிக் காட்டினார். 2021ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உலர்ந்த சிறுமீனைப் பொடியாக்கி அங்கன்வாடி உணவில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பழவேற்காட்டுப் பாட்டிகள் கூனியை வறுத்துத் தேங்காயும் மிளகாயும் வைத்து இடித்துப் பொடியாக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டியதற்கு யாரும் பரிசு தரவில்லை. தர வேண்டாம், பழசு என்று தள்ளாமல் இருந்தால் போதும்.

உப்புக்காக ரோலைத் திட்டிவிட்டுக் கருவாட்டைப் புகழலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வஞ்சிரக் கருவாடும் பன்னாக் கருவாடும் உப்பில் ஊறியவை, இரத்த அழுத்தம் உள்ளவர் எட்ட வைக்க வேண்டியவை. நெத்திலியையும் கூனியையும் அநேகமாக உப்பில்லாமலே வெயிலில் உலர்த்துகிறார்கள், அளவு சிறிதாகையால் ஒரே நாளில் சுண்டிவிடும். உப்பு போட்டதா என்று நாக்கில் வைத்தே தெரிந்துகொள்ளலாம். ரோலில் அதற்கு ஆய்வகம் வேண்டும், அல்லது பொடி எழுத்தைப் படிக்கும் கண்ணாடி வேண்டும்.

சுத்தம் பற்றிய வாதமும் இப்படித்தான். பாக்கெட் மூடியிருக்கிறது, ஈ மொய்ப்பதில்லை, ரோட்டோரம் காயும் கருவாட்டைவிட மேல் என்கிறார்கள். ரோட்டோரத் தூசியில் காய வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், உயரத்தில் பரண் கட்டிக் காய வைக்கும் முறை எப்போதோ வந்துவிட்டது, அதை ஊரெங்கும் கொண்டு வராதது மீன்வளத்துறையைக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் மூடிய பாக்கெட் சுத்தமாக இருப்பது தொழிற்சாலையிலிருந்து வாணலி வரை மைனஸ் 18 டிகிரி அறுபடாமல் வந்தால்தான். மின்சாரம் போய்ப் போய் வரும் கடற்கரையில், ஐஸ்கிரீமோடு சேர்த்துப் போட்டிருக்கும் சின்னக் கடை பிரீசரில், ரோல் எத்தனை முறை இளகி எத்தனை முறை மறுபடி இறுகியது என்று யார் பார்த்தார்கள்? ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடும் பெண், ஐஸில் போட்டு எடுத்த மீனைக் கை வைத்ததும் கண்டுபிடித்துவிடும் பெண், இந்தப் பாக்கெட்டின் முன்னால் குருடாகிறாள். அவளுடைய கையில் இருந்த சோதனைச்சாலையைப் பிடுங்கிக்கொண்டு அச்சடித்த தேதியை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கோழியின் பின்கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இழுவைமடியில் வாரி வரும் சிறுமீனில் ஒரு பெரும்பகுதியைக் கழிவு மீன் என்று ஒதுக்குகிறார்கள். தெற்கே சங்காயம் என்பார்கள். அது காய்ந்து, அரைபட்டு, மீன்தூளாகி இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. இன்று கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாவும்தான் பெரும்பங்கு, மீன்தூள் ஓரளவுதான். இருந்தாலும் வழியைப் பாருங்கள். மனிதர் தின்னக்கூடிய சிறுமீன் தூளாகிக் கோழிக்குள் போகிறது, கோழி துணுக்காகி மைதாவுக்குள் போகிறது, மைதா பாக்கெட்டுக்குள் புகுந்து அதே கடற்கரைக்கு வந்து சேர்கிறது, மீன் பிடித்தவன் பணம் கொடுத்து வாங்குகிறான். ஒவ்வொரு கையிலும் சத்து குறைந்து விலை ஏறுகிறது. இதற்குப் பெயர் மதிப்புக் கூட்டல்.

இங்கே எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் மட்டுமல்ல, என் தரப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்களும் தவறுகிறார்கள். "மீனவப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் பாக்கெட் வாங்குகிறார்கள், பாடம் எடுக்க வேண்டும்" என்று கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. விடியற்காலை ஏலத்துக்குப் போய், கூடை எடுத்து, பஸ் பிடித்து, பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் வீடு திரும்பும் பெண்ணுக்கு மீனில் என்ன சத்து என்று தெரியாதா? விற்காமல் மிஞ்சிய மீன்தான் வீட்டுக்கு. நல்ல இறாலும் சேற்று நண்டும் ஏற்றுமதி வியாபாரியின் கைக்குப் போய்விடும், உயிர் நண்டு சிங்கப்பூர் வரை பறக்கிறது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் ஏரியில் இறாலும் வராது, கடலுக்குப் படகும் போகாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலில் இறங்கத் தடை. தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் வந்தபின் கரையும் நீரோட்டமும் பழையபடி இல்லை என்று கிழவர்கள் மட்டுமில்லை, வாலிபர்களும் சொல்கிறார்கள். இப்படி நேரமும் மீனும் ஒருசேரச் சுருங்கிய வீட்டுக்குள்தான் பாக்கெட் நுழைகிறது. பத்து நிமிடத்தில் பொரித்துவிடலாம், பிள்ளை அடம்பிடிக்காமல் தின்னும். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு வழி குறைந்ததை வைத்து, இருக்கும் வழியைச் 'சத்து' என்று ஞானஸ்நானம் செய்து வைக்கிறவரைத்தான் கேட்கிறேன்.

மொறுமொறுப்புதான் பிள்ளையின் பிடிவாதம் என்றால், அதற்கும் கோழி தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மாலைதோறும் மீன் ரோல்ஸ் அடுக்கி வைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கோடு மீனைப் பிசைந்து, மிளகு தூக்கலாகப் போட்டு, மெல்லிய மாவு ரொட்டியில் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. அதுவும் தின்பண்டம்தான், தினமும் தின்னக்கூடாததுதான். கடித்ததும் மீன் தெரியும் என்பது மட்டும் வித்தியாசம். விலைபோகாத ஊடானையும் மடவைத் துண்டையும் வைத்துப் பழவேற்காட்டுப் பெண்கள் குழு ஒன்று இதைச் செய்து, ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்கும் டச்சுக் கல்லறை பார்க்கவும் வரும் சென்னைக்காரர்களுக்கு விற்றால் வேண்டாம் என்பார்களா? பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு வரம்பு வைக்கும் விதி 2018இலிருந்து இருக்கிறது, அதை மீன் வறுக்கும் கடைகளும் கவனிப்பது நல்லது.

கடைசியாக வரும் எதிர்வாதம்தான் கனமானது. "எண்ணூர் நீரில் அனல் மின்நிலையச் சாம்பல், எண்ணெய், ரசாயனம். அந்த மீனைத் தின்பதைவிடக் கோழி பத்திரம் இல்லையா?" இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, வலையும் படகும் கறுத்தன. அந்த இரண்டு முறையும் நல்ல மீனைக்கூட வாங்க ஆளில்லாமல் போனது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பாதரசம் போன்றவை பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன மேலே ஏறிச் சேருபவை. அதிக நாள் வாழாத நெத்திலியில் அது சேர நேரம் குறைவு, அதுவும் கடலில் பிடிபடுவது. சேற்றில் கிடக்கும் மட்டியிலும் நண்டிலும்தான் கவலை அதிகம், அதிலும் எந்த இடத்தில் பிடித்தது என்பதைப் பொறுத்து. எண்ணூர் கழிமுகமும் பழவேற்காட்டு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் தொடுத்துக் கிடந்தாலும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டையெல்லாம் பிடிக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் தின்கிறவருக்கும் யாராவது தெரிவிக்க வேண்டும் இல்லையா? தண்ணீரைக் கெடுத்தவர்கள் அங்கேயே இருக்க, மீனைத் தின்னாதே கோழியைத் தின் என்று குடும்பங்களுக்குச் சொல்வது, கெடுத்த கணக்கை அடுப்பங்கரையில் கொண்டுபோய்த் தீர்ப்பதுதான். பாக்கெட் கோழியின் தீவனத்திலும் தண்ணீரிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆகவே இரண்டு வேலைகள் நடக்கட்டும். பாக்கெட்டின் முன்பக்கத்தில், கோழிப் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் கோழி எத்தனை சதவீதம் என்று அச்சடிக்கட்டும். முன்பக்க எச்சரிக்கை பற்றி உச்சநீதிமன்றம் 2025இலும் கேட்டது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நட்சத்திரக் குறி என்று ஒரு வரைவு போட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. நட்சத்திரமெல்லாம் பிறகு பார்க்கலாம், ஒரு எண்ணை எழுத எத்தனை ஆண்டு வேண்டும்? பழவேற்காட்டில் மீன்வளத்துறை மாதம் ஒருமுறை ஏரியிலிருந்தும் கடலிலிருந்தும் இறால், நண்டு, மடவை, நெத்திலி என்று எடுத்துச் சோதித்து, ஈயம், காட்மியம், பாதரசம் எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு என்று தமிழில் எழுதி ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டட்டும். அளவு மீறிய இடத்தின் பெயரையும், அந்த இடத்துக்கு மேலே குழாய் வைத்திருக்கும் ஆலையின் பெயரையும் சேர்த்தே ஒட்டட்டும்.